இருபத்துமூன்றாம் வரிசை வெட்டப்பட்ட விவரம்

நிகோசியா,
மே 27.

லிமாசோல் கடற்கரையில் இரண்டு ஓட்டல்களும், உலகத்தின் எல்லா விஷயங்களிலும் ஒரு கருத்தும் வைத்திருக்கும் மதிப்புக்குரிய மாப்பிள்ளை க்ளெயாந்தீஸ் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் பொலிவியோஸ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முதுகுவலியும் நலம். அங்கே நீங்களும் தங்கை ஆந்த்ரூலாவும் நலமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இதற்குள் எனக்கு ஃபோன் வந்திருக்கும்.

ஈஸ்டர் விருந்தில், பதினேழு பேர் சுற்றி உட்கார்ந்திருந்த மேஜையில், வாய் நிறையப் பாலாடைக்கட்டி அப்பத்தை வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “மச்சான் ஏதென்ஸ் வரைக்கும் போய்ப் படிச்சுட்டு வந்தாரு. பதினோரு வருஷமா ஒரு வரிசைப் புல்லை வெட்ட முடியல.” எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் சிரித்தாள். வாயைக் கையால் மூடிக்கொண்டாள் என்பதால் அவளை மன்னித்துவிட்டேன். உங்களை மன்னிக்கவில்லை. அந்தப் புல்லை வெட்டிவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம்.

நான் பார்த்துக்கொள்வது உங்கள் நீச்சல்குளத்தைச் சுற்றியுள்ள புல்தரை அல்ல. வடக்கே ஒரு ராணுவம், தெற்கே ஒரு ராணுவம், நடுவில் யாரும் குடியிருக்க முடியாத இடைப்பகுதி, அதற்குள் இருபத்துமூன்று வரிசையாக ஆங்கிலேயச் சிப்பாய்களின் கல்லறைகள். செவ்வாயும் வியாழனும் மட்டும் ஐ.நா. படைக் காவலோடு நான் உள்ளே போகலாம். தீவை இரண்டாகப் பிளந்த சண்டை நின்ற நாளில் எது எப்படி இருந்ததோ அது அப்படியே இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். பழைய புல்வெட்டி இயந்திரம் பழுதாகி, புதிதாகச் சிவப்பு நிறத்தில் ஒன்று வந்தபோது, பட்டியலில் ‘பச்சை’ என்று இருக்கிறது என்று நான்கு மாதம் வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். நான் ஒரு டப்பா பச்சைப் பெயிண்ட் வாங்கிப் பூசியதும் மறுநாளே சலாம் போட்டு உள்ளே விட்டார்கள். கடைசி வரிசையோ வடக்குக் கம்பிவேலியை ஒட்டி இருக்கிறது. அங்கே இரண்டு தரப்பிலும் யாரும் கால் வைக்கக் கூடாது. பதினான்கு கல்லறைக் கற்கள் மார்பளவு முட்செடிக்குள் மூழ்கிக் கிடந்தன. ஜூன் மாதம் ஆய்வாளர் வரும்போதும் அப்படியே இருந்தால், அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பெயர்களை மட்டும் வாசல் சுவரில் பொறித்துவிடுவதாக எனக்குச் சம்பளம் தரும் லண்டன் கல்லறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பதினான்கு பேரை அவர்கள் தலைமாட்டிலிருந்து பிடுங்கிக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவது! அதுவும் என் காலத்தில்!

அந்த வரிசை கல்லறைத் தோட்ட எல்லைக்குள்தான் வருகிறது என்று அளந்து காட்டலாம் என நினைத்து, போன செவ்வாய்க்கிழமை இருபத்திரண்டாம் வரிசையின் ஓரத்தில் கயிறு பிடித்து, சுண்ணாம்புப் பொடியால் ஒரு கோடு போட்டேன். உலகத்தில் வேறெங்கே ஒரு தோட்டக்காரன் நேர்க்கோடு போட்டாலும் பாத்தி கட்டுகிறான் என்பார்கள். இங்கே எல்லையை நகர்த்துகிறான் என்று அர்த்தம். இரண்டு தரப்புக் காவல் மேடைகளிலும் தொலைநோக்கிகள் என் பக்கம் திரும்பின. அரை மணியில் நம் தரப்பிலிருந்து மீசை சரியாக முளைக்காத ஒரு லெஃப்டினன்ட் வந்து, கோடு போட எனக்கு அதிகாரம் கொடுத்தது யார் என்று அதட்டினான். ஐ.நா. படையின் அர்ஜென்டினா கேப்டன் இத்தூர்பே விதிமுறைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் வடக்குத் தரப்பின் சார்ஜென்ட் தெர்விஷ் வந்து நின்று, ஏழெட்டுத் தடவை தும்மினான். அவன் அப்பா, தீவு பிரிவதற்கு முன், தெற்கே நம் பாஃபோஸ் பக்கத்துக்காரர். நம்மைப் போலவே கிரேக்கம் பேசுவான்.

“கோடு கிடக்கட்டும்ண்ணே,” என்றான். “இந்த முள்ளை எப்ப வெட்டப் போறீங்க? எட்டு வருஷமா என் மூக்கு அடைச்சுக் கிடக்கு.”

“உங்க ஆளுங்க விட்டா அரை நாள்ல வெட்டிருவேன்.”

“நீங்க உள்ள கால் வைக்கக் கூடாதே.”

“அப்ப நீ வெட்டு.”

“நானும் வைக்கக் கூடாதே.”

கேப்டனிடமிருந்து புத்தகத்தை வாங்கிப் படித்தேன். தலைமையாசிரியர் பதவியை எனக்குக் கொடுக்காமல் யாருடைய மருமகனுக்கோ கொடுத்தார்களே, அந்தக் கல்வித்துறை அப்போது அங்கே நின்றிருக்க வேண்டும். புத்தகத்தின்படி ஆட்கள் இருபத்திரண்டாம் வரிசை வரைதான் போகலாம். கருவிகளோ கல்லறைத் தோட்டத்தின் எந்தப் பகுதியிலும் இருக்கலாம். இதை மூன்று தரப்புக்கும் மூன்று தடவை விளக்கினேன். கேப்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்.

வியாழக்கிழமை புல்வெட்டியின் இரண்டு முனையிலும் கயிறு கட்டினேன். ஒரு நுனி என் கையில், மறு நுனி கம்பிக்கு அடியில் போய் தெர்விஷின் கையில். இயந்திரத்தை ஓடவிட்டேன். அவன் இழுக்க அது வடக்கே போனது. நான் இழுக்க தெற்கே வந்தது. ஒரு மனிதக் கால் கூட உள்ளே படவில்லை. இரண்டு காவல் மேடையிலும் சிப்பாய்கள் எழுந்து நின்று “இடது, இடது” என்று வழிகாட்டினார்கள். எதிரெதிரே நிற்பவர்களின் இடது எப்படி ஒன்றாகும்? புல்வெட்டி குடிகாரனைப் போல அலைந்தது. மூன்று மணி நேரம் இழுத்தோம். லெஃப்டினன்டும் கடைசியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் கயிற்றைப் பிடித்தான். முதல் கல் வெளியே வந்தது.

“என்ன போட்டிருக்கு?” என்றான் தெர்விஷ். அவன் நின்ற இடத்திலிருந்து கல்லின் முதுகுதான் தெரியும்.

“ஆல்ஃபிரட் ட்விங்கோ என்னமோ. வயசு பத்தொன்பது. பேரோட கடைசி எழுத்து மறையுது.”

“அப்ப இருங்க, இன்னொரு இழுப்பு இழுக்கறேன்.”

இழுத்ததும் தெரிந்தது, அந்தச் சிப்பாயின் பெயர் ட்விங்கம். இப்படிப் பதினான்கு பேரையும் சத்தமாக வாசித்தேன், மாப்பிள்ளை. ஒவ்வொரு பெயருக்கும் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தும்மல் வந்தது. ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும். ஒரு கல்லும் அசையாது. பதினோரு வருடத்தில் எந்த அதிகாரியாலும், எந்த ஓட்டல் முதலாளியாலும் முடியாததை நான் முடித்துக் காட்டினேன்.

உங்கள் ஓட்டல்களில் அறைகள் நிரம்பட்டும், உங்கள் வாய் சற்றே மூடட்டும் என்று வாழ்த்தும்,
பொலிவியோஸ்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கேப்டன் இத்தூர்பே ஒரு காகிதம் கொண்டுவந்தார். வியாழக்கிழமை நடந்ததை இரண்டு தரப்பும் ‘நடைமுறையிலுள்ள வழக்கம்’ என்று பதிவு செய்திருக்கின்றன. இனி அதில் எதையும் மாற்றக் கூடாது. ஒரு புல்வெட்டி, இரண்டு கயிறு, தெற்கே பொலிவியோஸ், வடக்கே தெர்விஷ். தெர்விஷ் இந்த வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்று ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போகிறான். ஆய்வாளரோ பயணத்தைத் தள்ளிவைத்திருக்கிறார். மழைக்காலமெல்லாம் முடிந்து, புல் நன்றாக வளர்ந்த பிறகு, மார்ச்சில் வருகிறாராம்.