ஊதாமல் வந்த ஊதியம்

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதன்முறையாக மனைவியிடம் ஒரு முழுப் பொய் சொல்வதென்று முடிவெடுத்தேன். அதுவரை சொன்னதெல்லாம் சில்லறைப் பொய்கள். எல்லாம் அன்றன்றே பிடிபட்டவை.

காரணம், ஒரு சாக்ஸபோன். ஓட்டல் வாத்தியக் குழுவில் வாசித்த அவளுடைய தாய்மாமா, போகும்போது அதை அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆறு மாதம் கட்டிலுக்கடியில் கிடந்தது. எங்கே செய்தது, என்ன பெறும் என்று விசாரித்து வரச் சொல்லி அவள்தான் என்னை அனுப்பினாள்.

வாத்தியம் பழுதுபார்ப்பவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் வைக்கும் இடத்துக்குக் கீழே பொறித்திருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். எழுபது வருஷத்துக்கு முந்தையது, கப்பலில் வந்தது, செய்த பட்டறையையே எப்போதோ மூடிவிட்டார்கள் என்றார். பிறகு ஒரு விலை சொன்னார். என் நான்கு மாதச் சம்பளம். ஊதுகிறவனுக்குத்தான் ஊதியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேனே! யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்டாரே என்று வீட்டு டெலிபோன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டு வாசலிலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

"வெறும் பித்தளை. எடைக்குப் போட்டாத்தான் உண்டு."

"அப்படியா? பாவம் மாமா," என்றாள்.

உனக்கேன் அலைச்சல், சனிக்கிழமை நானே போட்டுவிட்டு வருகிறேன் என்றேன். என் அக்கறையை மெச்சினாள். எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

சனிக்கிழமை சாக்ஸபோன் பெட்டியைத் துடைத்து, வாரை இறுக்கி, வாசலில் எடுத்து வைத்திருந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் ஒரு காமிரா வாங்கிக்கொண்டே போனேன். கடையில் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பழைய துண்டில் சுற்றிய உடைந்த இஸ்திரிப் பெட்டி. பக்கத்தில் என் கிழிந்த ஷூ, ஜோடியாக.

பழுதுபார்ப்பவர் என்னைவிட அதிகமாக விழித்தார்.

"அம்மா சொல்லலையா சார்? விலையைக் கொஞ்சம் ஏத்தித் தரலாம்னு நேத்துக் காலையில போன் பண்ணினேன். அவங்கதான் எடுத்தாங்க. மத்தியானமே கொண்டுவந்து குடுத்துட்டுப் பணத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

திரும்பி வரும்போதுதான் என் நிலைமை புரிந்தது. பணம் எங்கே என்று கேட்டால், பணம் பெறும் பொருள் என்று தெரிந்தே பொய் சொன்னேன் என்றாகும். வாயைத் திறக்க வழியில்லை.

அவள் கதவைத் திறந்தாள். "எடைக்குப் போட்டுட்டீங்களா?"

"ம்."

"எத்தனை கிலோ?"

"மூணு."

கையை நீட்டினாள். அன்றைய பித்தளை விலையைக் கேட்டுவைத்திருந்தாள். மூன்று கிலோவுக்கு உண்டானதை என் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரம் எண்ணினாள்.

"பரவாயில்லை. மாமாவோட மத்த பணத்தோட சேர்த்து வச்சுடறேன்."