வெள்ளை பூத்த குதிரைப்படை

என்னிடம் இருக்கும் ஒரே திறமை திட்டம் போடுவது. செய்து முடிப்பது வேறு துறை. அதற்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

விழுப்புரத்தில் என் மேஜை மேல் ஒரு தடித்த நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் ‘இந்த வருடம் வர்ணம் அடிக்க வேண்டிய படைகள்’ என்று சிவப்பு மையில் தலைப்பு. கட்டைவிரல் உயரப் பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசி, மேஜையில் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவது எங்கள் விளையாட்டு. (நாற்பத்தைந்து வயதில் பொம்மையா என்று கேட்காதீர்கள். வீட்டில் கேட்டாயிற்று.) ‘எங்கள்’ என்றால் நானும் திண்டிவனத்து ஏழுமலையும். எனக்குத் தெரிந்து மாவட்டத்தில் மூன்றாவது ஆள் இல்லை.

ஏழுமலைக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செஞ்சிக் கோட்டை முற்றுகைக்காக வாங்கிவைத்திருந்த நாற்பது குதிரை வீரர்களை என் கையில் கொடுத்தான்.

“என்னால இனிமே பிரஷ் புடிக்க முடியாதுடா. நீ அடிச்சிக் குடு. கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒருவாட்டி பாத்துடணும்.”

நான் என்ன செய்தேன்? நோட்டைத் திறந்து திட்டம் போட்டேன். சித்திரையில் குதிரை, வைகாசியில் தலைப்பாகை. ஆனியில், குதிரையைத் தொடாமலேயே ‘யானைப்படை’ என்று புதுத் தலைப்பு எழுதி அடிக்கோடு போட்டேன். ஆவணியில் தெர்மாகோல் கோட்டைக்குப் படம் வரைந்தேன். படுபாவி, ஒரு குதிரைக்கு வாலாவது அடித்திருக்கலாம்.

ஐப்பசியில் போன் வந்தது. “டேய், ஓரத்துல மறைக்குதுடா.”

பதறிப்போய் ஒரே வாரத்தில் நாற்பதையும் முடித்தேன். சத்தியமாக நன்றாகவே வந்திருந்தது. ஞாயிறு காலை, வர்ணம் உரியாமல் இருக்க வார்னிஷ் ஸ்ப்ரே அடிப்பது மட்டும் பாக்கி. வெளியே அடைமழை. ஈரக்காற்றில் அடிக்கக் கூடாது என்று டப்பாவிலேயே போட்டிருந்தது. (படித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.) வாசலில் நின்று புஸ்ஸென்று அடித்து, சரியாகக் காயுமுன்னே ஸ்வீட் டப்பாவில் அடுக்கி மூடி, திண்டிவனம் பஸ் ஏறினேன்.

ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான். ஒரு குதிரையை எடுத்துக் கண்ணருகே பிடித்தான். லுங்கியில் துடைத்தான். இன்னொன்றை எடுத்தான்.

“கலா, லைட்ட போடு.”

“எரிஞ்சிக்கினுதாங்க இருக்குது” என்றாள் அவன் மனைவி.

“எல்லாம் வெள்ளையா, பனி மூட்டமா இருக்குதே... அவ்ளோதான்டா. கண்ணு போச்சு.”

கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் டப்பாவை எட்டிப் பார்த்தேன். நாற்பது குதிரையும் வெள்ளை பூத்துப்போய்க் கிடந்தன. எல்லாம் ஈரத்தில் அடித்த வார்னிஷின் வேலை. அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். வேலை கெட்டுப்போன வெட்கத்தில் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“தலப்பா கலரு எப்டி?”

கலா ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுத்து, ஆட்டோவைக் கூப்பிட்டு, அவனைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்துவந்தாள். அவன் ஒரு காலை ஆட்டோவில் வைத்த பிறகுதான் எனக்கு வாய் திறந்தது.

“ஏழு... கண்ணு இல்லடா. வார்னிஷ். மழைல அடிச்சிட்டேன்.”

அவன் திரும்பி என்னையே பார்த்தான். “ஆமா, உன் திருட்டு முழி நல்லாவே தெரியுது.”

“நீங்கல்லாம் ஒரு மனுசனாண்ணே? அர மணி நேரமா எங்க உசுரு எங்ககிட்ட இல்ல!” என்று கலா ஃபைலாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு ஆட்டோ மேல் சாய்ந்து அழுதாள். ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தான்.

“ஏறுறீங்களா இல்லியா சார்? ஒரே பேஜாரா கீதே” என்றார் ஆட்டோக்காரர்.

அதிலிருந்து இரண்டு வீட்டிலும் அதுதான் பேச்சு. கண்ணாடியில் தூசி படிந்தாலும், டிவி மங்கினாலும், “யாரோ வார்னிஷ் அடிச்சிட்டாங்க” என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

குதிரைகளைத் திரும்ப அடித்துத் தருகிறேன் என்று எடுத்துவந்திருந்தேன். (நோட்டில் எழுதினேன்: ‘கார்த்திகைக்குள்’.) மார்கழியும் போனது. தையில் ஒரு நாள் காலை போன் அடித்தது. ஏழுமலையின் குரல் மெதுவாக வந்தது.

“டேய், எழுந்ததுலர்ந்து ஒண்ணுமே தெரியலடா. நெசமா சொல்லு, எதுனா வார்னிஷ் அடிச்சியா?”

“இல்லடா ஏழு” என்றேன். அன்றைக்கு மட்டும் உண்மையை உடனே சொல்லிவிட்டேன்.