சித்தியின் வெப்சைட் திறப்பு விழா

கம்ப்யூட்டர் சயின்ஸில் முதல் வகுப்பில் தேறியவள் நான். இதை நம்பி இவளிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்று சான்றிதழின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கலாம். அச்சடிக்காததால் முதலில் மாட்டியவர் ராசிபுரத்தில் இருக்கும் என் சித்தி.

சித்தி, சேலத்துக்குப் பக்கத்தில் புடவைக்குப் பெயர்போன இளம்பிள்ளையில் புடவை எடுத்து, வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். பெங்களூரில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, "வெப்சைட் இருக்குதுங்களா?" என்று கேட்டதும் சித்தி யோசிக்கவே இல்லை. "வெள்ளிக்கெழமை வருதுங்க" என்று சொல்லிவிட்டார். அன்று செவ்வாய்.

மூன்று நாளில் கட்டிவிட்டேன். புடவைப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வர வேண்டும். அதற்கான நிரலை யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, லைப்ரரி என்ற பெயரில் இலவசமாக வைத்திருந்தார். அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். எழுதினேன். லைப்ரரி வந்து சேரும்வரை திரையில் "சற்றுப் பொறுங்கள்" என்று தெரியும். வந்ததும் அது மறைந்து புடவைகள் வரும். (வாடிக்கையாளரிடம் மரியாதை முக்கியம்.) என் லேப்டாப்பில் நூறு முறை பார்த்தேன். மயில்கழுத்து நிறப் பட்டு மிதந்து வந்த அழகில் நானே ஒன்று வாங்கியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை சித்தி வீட்டில் பூஜை. சித்தப்பா கற்பூரம் காட்டி முடித்ததும், வந்திருந்த இருபது சொந்தக்காரர்களும் அவரவர் செல்போனில் வெப்சைட்டைத் திறந்தார்கள். எல்லாத் திரையிலும் "சற்றுப் பொறுங்கள்."

பொறுத்தார்கள். எங்கள் சொந்தங்கள் அவ்வளவு நல்லவர்கள். கேசரி வந்தது, காபி வந்தது, புடவை வரவில்லை.

"நல்ல காரியம் மெதுவாத்தான் வரும்" என்றார் சித்தப்பா.

"டவர் இல்லையாட்ட இருக்குது" என்று அத்தை மொட்டை மாடிக்குப் போனார். நான்கு பேர் பின்னாலேயே போனார்கள்.

அப்போது பெங்களூர் அம்மாவின் போன். "பொறுங்கன்னு போட்டிருக்குதுங்க. நானும் பத்து நிமிஷமாப் பொறுத்துட்டுத்தான் இருக்கறேன்."

ஓடிப்போய் நான் எழுதிய வரியைப் பார்த்தேன். லைப்ரரியின் முகவரியாக என் லேப்டாப்பின் டி டிரைவைக் கொடுத்திருந்தேன். ஃபைலை இணையத்தில் ஏற்றவே இல்லை. ஊரார் போன்களெல்லாம் அதைத் தேடித் தவித்துக்கொண்டிருந்தன.

"என்ன கண்ணு ஆச்சு?" என்று சித்தி காதோரம் கேட்டார்.

"அந்த ஃபைலு எங்கிட்ட மட்டுந்தான் இருக்குது சித்தி. அதனால எனக்கு மட்டுந்தான் தெரியுது."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. "செரி சாமி, நீ அதைப் பாரு" என்றவர், வீடியோ காலில் அந்த அம்மாவை அழைத்து, பாயில் உட்கார்ந்து புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட ஆரம்பித்தார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. நான் ஃபைலை ஏற்றி வரியைத் திருத்தி முடிப்பதற்குள், அந்த அம்மா இருபத்தைந்து புடவைகளைத் தேர்ந்தெடுத்து போனையும் வைத்துவிட்டார்.

மாடியிலிருந்து அத்தை இறங்கி வந்தார். "வந்துருச்சு வந்துருச்சு. மேல டவர் நல்லா கெடைக்குது."

அதன்பின் எனக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. போன வருஷம், அங்கே கூட வேலை செய்பவரையே கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன் என்று சொல்லி, அவரைச் சித்தி வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சித்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளை எங்க கண்ணுக்கும் தெரியறாரு சாமி. இந்த வாட்டி செரியாத்தான் ஏத்தியிருக்கற."