வீரபத்திரன் வயிற்று மச்சம்

தணிகாசலம் ஒரு மனிதனின் பிறவி மச்சத்தைக் கழுவியே எடுத்துவிட்டார்.

அவரே அப்படித்தான் சொன்னார். கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில், பெருமாளின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாய் நிறைய பஜ்ஜியோடு, பட்டப்பகலில் சொன்னார்.

"நாவப்பழம் சைஸு மச்சம். தொப்புளுக்கு நாலு விரக்கடை கீழ. மூணு தரம் கழுவினேன். நாலாவது தரம் பார்க்கறேன், மச்சமே காணோம்!"

பெருமாள் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "மச்சம் இன்னா சேறாண்ணே, கழுவினா போறதுக்கு?"

"அது மட்டுமா? வெட்டி எடுத்த முடி ஒன்றர மணி நேரத்துல திரும்ப மொளச்சுது!"

"இது வேறயா!"

பெஞ்சிலிருந்த மற்றவர்கள் இதைப் பத்து நாளாகக் கேட்டுக் கேட்டு, நம்பிவிட்டால் நிம்மதி என்ற நிலைக்கு வந்திருந்தார்கள். பெருமாள் ஒருவன்தான் மசியவில்லை.

தணிகாசலம் லேசுப்பட்ட ஆள் அல்ல. திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷமாக, ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் தோலைச் சுத்தம் செய்து தருகிறவர். அவர் பஞ்சை மருந்தில் நனைக்கிற சத்தம் கேட்டாலே கிருமிகள் குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு, மணவூர் ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலுக்குக் காத்து நிற்கும். அவர் கழுவிய வயிற்றில் ஒரு பொட்டு சீழ் வைத்தது கிடையாது. அவரிடம் குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான்: நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"மூஞ்சியப் பாக்கறது டாக்டர் வேல. தோலு என் வேல," என்பார்.

சம்பவம் நடந்த அன்று, ஆர்.கே.பேட்டை விசைத்தறிக்காரர் வீரபத்திரனுக்குக் காலை ஒன்பது மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒன்பதரை தாண்டினால் மயக்க மருந்து டாக்டர் வேறு ஊருக்குக் கிளம்பிவிடுவார். அப்புறம் அடுத்த வாரம்தான். மருந்து சோப்புப் போட்டுக் குளித்த நோயாளி அதற்குப் பிறகு வார்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பது ஆபரேஷன் செய்கிற டாக்டர் தேவிப்பிரியாவின் சட்டம். அந்த அம்மா சட்டம் போட்டால் காற்றுகூடக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே வரும்.

ஏழு மணிக்குத் தணிகாசலம் போனபோது, கட்டிலில் இருந்தவர் முகத்தைத் துண்டால் மூடி, கைகளைப் போர்வைக்குள் விட்டுப் படுத்திருந்தார்.

"வீரபத்திரனா?"

"ஆங்," என்றது துண்டு.

"வெக்கப்படறாருங்க," என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி தமயந்தி.

அடிவயிற்றைத் திறந்து காட்ட வேண்டிய இடத்தில் எவ்வளவு பெரிய வீரனும் துண்டைத் தேடுவது வழக்கம்தான். தணிகாசலம் மெஷினால் முடியை எடுத்தார். சவரக்கத்தி அவருக்கு ஜென்ம விரோதி. அது போடுகிற பொடிக் கீறல் வழியாகக் கிருமி உள்ளே போய்விடும். பிறகு கழுவினார். மச்சத்தைச் சுற்றி மூன்று சுற்று கூடுதலாகக் கழுவினார். பழுப்பு மருந்தைத் தடவிக் காயவிட்டார்.

"இனிமே ஒருத்தரும் கை வெக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டுத் தள்ளுவண்டி எடுக்கப் போனார்.

திரும்பி வந்தால் வயிறு முழுக்க விபூதி.

"இன்னாம்மா இது?"

"மலை விபூதிங்க. கத்தி படற எடத்துல பூசறது எங்க ஊட்டு வழக்கம்."

முருகன் விஷயம், திட்டவும் முடியாது. இரண்டாம் தரம் கழுவினார். நர்ஸ் சுஜாதாவிடம் தகவல் சொல்லிவிட்டு வருவதற்குள் வயிறு தேங்காய் எண்ணெயில் பளபளத்தது.

"தோலு வறண்டு போச்சுங்க. பாக்கப் பாவமா இருந்துச்சு."

மூன்றாம் தரம் தேய்த்த தேய்ப்பில் துண்டுக்குள்ளிருந்து "யப்பா" என்று ஒரு முனகல் கேட்டது. அவர் பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பினார். அரைத்த மஞ்சள்!

"மஞ்சளு கிருமியக் கொல்லும்ல?"

"அப்ப நான் எதுக்கும்மா? நீயே ஆபரேஷனையும் பண்ணிடு!"

மணி எட்டரை. இனி தியேட்டரிலேயே கழுவிக்கொள்ளலாம் என்று தள்ளுவண்டிக்கு ஓடினார். வந்தபோது நோயாளிக்குத் தியேட்டர் தொப்பி மாட்டி, கழுத்துவரை போர்த்தி, தயாராக வைத்திருந்தாள் தமயந்தி. நோயாளிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பயம் போலிருக்கிறது. தொப்பிக்குள்ளிருந்து கும்மென்று சந்தன வாசனை வந்தது. இந்தம்மா தலையையும் விடவில்லை போலிருக்கிறது!

தியேட்டரில் போர்வையை விலக்கினார். மஞ்சள் இல்லை. மச்சமும் இல்லை. முடி மட்டும் இருந்தது.

"முடி எடுக்கலையா, தணிகாசலம்?" என்றார் டாக்டர்.

முப்பத்தொரு வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு வியர்த்தது. "சிஸ்டர்... ஆளு சரியான்னு பாருங்க."

சுஜாதா, நோயாளியின் கையில் கட்டியிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்தாள். பெயர், ஊர், எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்டாள். வீரபத்திரன், ஆர்.கே.பேட்டை, வலது பக்கம். அச்சு அசலாக அதே ஆள்.

ஆள் சரி என்றால் மச்சம் போனதும் சரிதானே? தணிகாசலம் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பயபக்தியோடு பார்த்தார். மறுபடி முடியை எடுத்தார், கழுவினார், மருந்து தடவினார், காயவிட்டார். ஆபரேஷன் ஜோராக முடிந்தது. இன்று காலை தையல் பிரித்தபோது காயம் கண்ணாடி மாதிரி இருந்தது.

"நாளைக்கு எனக்கு ரிட்டயர்மென்ட் விழா," என்றார் தணிகாசலம், கடைசி பஜ்ஜியை எடுத்துக்கொண்டு. "டாக்டரம்மா மைக்கு குடுக்கறாங்க. இந்த மச்சம் விஷயத்தத்தான் பேசப்போறேன். முப்பத்தோரு வருஷத்துக்கு இதான் கிரீடம்!"

முதல் தடவையாகப் பெருமாளின் டீ கிளாஸுக்கு வெளியே விழுந்தது.

"வேணாண்ணே. டாக்டரம்மா முன்னாடி வேணாம்."

"ஏன் வேணாம்?"

"அந்தம்மா தோண்டும். பாவா மாட்டிக்கும். உன் பேரும் கெட்டுப்பூடும்."

"பாவாவா? வீரபத்திரன் உனக்கு இன்னா வேணும்?"

"தமயந்தி எங்க அக்காண்ணே."

"யாரா இருந்தா எனக்கென்ன? பத்து நாளா என்னப் பொய்யன்னியே! நடந்துதா இல்லியா, அத மட்டும் சொல்லு!"

பெருமாள் ரோட்டை ஒருமுறை பார்த்தான். பஸ் எதுவும் வரவில்லை. பனியனைத் தூக்கி, லுங்கியை நாலு விரல் இறக்கினான்.

"மெய்யாலுமே நடந்துதுண்ணே. வேண்டுதலுக்கு மொட்ட போட்டுகினு மலையிலேர்ந்து பாவா வர்ற வரைக்கும் நீ படுத்திருன்னு அக்கா சொல்லிச்சு. அவரு எறங்கி வர லேட்டாக லேட்டாக, எதையாச்சும் பூசிகினே இருந்துச்சு. நீயும் கழுவிகினே இருந்த. மச்சம் மட்டும் எங்கியும் போவல, பத்து நாளா இங்கதான் உனக்கு டீ ஆத்திகினு இருக்குது."