மூன்றாவது சரணத்தில் மறைந்தவள்

மனைவியைக் கொன்றதில் லிஃப்ட்காரருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. மூன்றாவது சரணம் நிற்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் இரண்டு சரணமும் சத்தியமான உண்மை. அம்மணி தன் அக்காவுக்கு ஆபரேஷன் என்று ஒரு வாரம் அங்கே போய்த் தங்கியிருந்தாள். வீடு வெறிச்சென்று கிடந்தது. வடிகட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் லிஃப்ட்காரர் இலையோடு டீ குடித்தார். அவள் உட்காரும் நாற்காலி, கொடியில் அவள் விட்டுப்போன துண்டு என்று எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது சரணத்தில்தான் வண்டி நின்றுவிட்டது. 'திங்கட்கிழமை பஸ்ஸில் வருவாய்' என்று எழுதிப் பார்த்தார். அழுகை வரவில்லை. பஸ் வந்தால் எப்படி அழுகை வரும்? ஆகவே அவளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, தன் கையைப் பிடித்துக்கொள்ளச் செய்து, நான்காவது வரியில் கண்ணை மூடவைத்தார். சரணம் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டது. எழுதியவருக்கே மூக்கை உறிஞ்ச வேண்டியதாயிற்று.

அதைக் கொண்டுபோய் 'கத்துக்குட்டிகள்' குழுவில் போட்டார்.

கத்துக்குட்டிகள் என்பது பாட்டும் கவிதையும் எழுதிப் பழகுகிறவர்கள் போனிலேயே கூடிக் குலாவும் இடம். ஆரம்பித்தவர் ஒரு பேக்கரியம்மா. அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. 'அருமை', 'சூப்பர்' என்று கைதட்டிவிட்டு நழுவ முடியாது. எந்த வரி பிடித்தது, ஏன் பிடித்தது, இரண்டையும் எழுத வேண்டும். பொய்யும் எழுதக் கூடாது. புதிதாக ஒருவர் சேர்ந்து முதல் பாட்டைப் போட்டால், அவர் வரக் காரணமாக இருந்தவர்தான் முதல் ஆளாக எழுத வேண்டும். "அடுப்பைத் திறந்து திறந்து பாத்தா கேக் அமுங்கிடும். எழுதுற ஆளும் அப்படித்தான். உப்பி வர்ற வரைக்கும் சூடு குறையக் கூடாது" என்பது பேக்கரியம்மாவின் கொள்கை.

லிஃப்ட்காரருக்கு அங்கே 'ஏழாம் மாடி' என்று பெயர். ஏழாவது மாடியில் நின்றுபோன ஒரு லிஃப்டின் தலையில் உட்கார்ந்துதான் முதல் பாட்டை எழுதினார். வெளியே அவரோடு பேசுகிறவர்கள் எல்லாம் கோபமாகத்தான் பேசுவார்கள். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அதை ரிப்பேர் பார்க்கிற லிஃப்ட்காரரை யார் நினைக்கிறார்கள்? அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் குழுவிலிருந்த பஸ் டிரைவர், 'உங்க ரெண்டாவது வரி இன்னிக்கு முழுக்க என் வண்டியிலயே வந்துச்சு அண்ணே' என்று எழுதினார். லிஃப்ட்காரர் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவருக்கு நண்பர்கள் என்று இருந்தால் அது இவர்கள்தான்.

வீட்டில் சொல்லவில்லை. முதல் பாட்டை அம்மணியிடம் பாடிக் காட்டியபோது, "என்னங்க, எந்த மோட்டாரு இப்படிக் கத்துது?" என்று கேட்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டார்.

இப்போது மூன்றாவது சரணத்தைப் படித்துவிட்டுக் குழுவே உடைந்துபோயிற்று. 'ஐயோ தம்பி, இத்தனை பாரத்தை வெச்சுக்கிட்டா எங்க எல்லாரையும் தட்டிக்கொடுத்தீங்க?' என்று பேக்கரியம்மா எழுதினார். குழுவில் காதல் கவிதை எழுதும் பல் டாக்டர், நோயாளியை நாற்காலியில் வாயைத் திறக்கவைத்துவிட்டு வெளியே வந்து அழுததாக எழுதினார். லிஃப்ட்காரர், 'இல்லைங்க, அவள் நன்றாகத்தான் இருக்கிறாள்' என்று அடித்தார். அழித்தார். மறுபடி அடித்தார். அதற்குள் டிரைவர் அந்தப் பாட்டுக்கு மெட்டுப் போட்டு, தானே முணுமுணுத்து அனுப்பிவிட்டார். எவ்வளவு நல்ல மெட்டு! இதற்கு மேல் அம்மணியை எப்படி உயிரோடு எழுப்புவது?

அம்மணி திரும்பி வந்தாள். இரைந்து கிடந்த வீட்டைப் பார்த்து வேண்டிய அளவு சண்டையும் போட்டாள். குழுவில் மட்டும் செத்தே கிடந்தாள்.

அப்புறம்தான் பேக்கரியம்மாவிடமிருந்து அந்தச் செய்தி வந்தது. 'துக்கத்துல ஒருத்தரைத் தனியா விடக் கூடாது. ஞாயித்துக்கிழமை நானும் டாக்டரும் டிரைவரும் உங்க வீட்டுக்கு வர்றோம்.'

உண்மையைச் சொன்னால் காறித் துப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நண்பர்களும் போச்சு, பாட்டும் போச்சு. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மணி வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும்.

"அக்காவை ஒரு நடை பாத்துட்டு வாயேன்."

"இப்பதானே வந்தேன்?"

"ஆபரேஷன் ஆன உடம்பு. பாவம்."

"அவளைப் பாவம்னு நீங்களா சொல்றீங்க? அவ கல்லுன்னு சொன்னீங்க."

"கல்லுக்குத்தானே ஆபரேஷன் பண்ணாங்க?"

அம்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, போறேன்" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதிலேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷத்தில் தலைகால் புரியாமல், ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனையில் பஸ் வரும் இடத்தில் விட்டுவிட்டு வந்தார்.

வந்து வீட்டைத் துக்க வீடாக்கினார். அவளுடைய செருப்பு அலமாரிக்குள் போயிற்று. கண்ணாடி முன்னால் இருந்த சீப்பு, கிளிப், பவுடர் எல்லாம் தலையணைக்கு அடியில் போயின. முகத்தையும் கொஞ்சம் தொங்கப்போட்டுப் பார்த்தார். திருப்தியாக இருந்தது. பால்கனிக்கு வந்தார். கீழே, கேட்டைத் திறந்துகொண்டு அம்மணி வந்துகொண்டிருந்தாள்.

லிஃப்ட்காரரின் மூளை அன்றைக்கு வேலை செய்தது போல என்றைக்கும் வேலை செய்ததில்லை. வீடு மேல்மாடி. அம்மணிக்கு முழங்கால் வலி. லிஃப்ட் ஓடாவிட்டால் ஏற மாட்டாள். கீழேயிருந்து போன் பண்ணுவாள். 'பார்ட் மாத்தணும்மா, சாயங்காலம் ஆகும், நீ அக்கா வீட்டுக்கே போயிடு' என்று சொல்லிவிடலாம். நண்பர்களை எதிரே இருக்கிற பூங்காவில் உட்காரவைத்து அங்கேயே துக்கப்படலாம். மொட்டைமாடிக்கு ஓடினார். அந்தக் கட்டடத்து லிஃப்டும் அவர் பராமரிப்புதான். மெஷின் ரூமைத் திறந்து மெயின் சுவிட்சை இழுத்துவிட்டார். கடகடவென்று கேட்டது, பிறகு நிசப்தம்.

இரண்டு விஷயம் அவருக்குத் தெரியாது. ஒன்று, விடியும் முன்பே எழுந்து பழகிய பேக்கரியம்மா எங்கேயும் முன்கூட்டியே போய் நிற்பவர். மூன்று கத்துக்குட்டிகளும் அந்த நேரம் லிஃப்டுக்குள்தான் இருந்தார்கள். இரண்டு, அவருடைய போன் சாப்பாட்டு மேஜையில் சார்ஜில் கிடந்தது.

அவர் பார்த்துக்கொள்ளும் எல்லா லிஃப்டுக்குள்ளும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 'பதற வேண்டாம். இந்த எண்களை அழைக்கவும்.' முதல் எண் அவருடையது. அவர் எடுக்காவிட்டால் இரண்டாவது எண். அது அம்மணியுடையது.

கைப்பிடிச் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார். கேட்டருகே அம்மணி நின்று போனை எடுப்பது தெரிந்தது. வேறு எந்தக் கட்டடத்திலோ லிஃப்ட் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டவர்களோடு அவள் பேசினால் குழந்தை கூட அழுகையை நிறுத்திவிடும். அந்த விஷயத்தில் அவருக்கு அவளைப் பற்றிப் பெருமைதான். இன்றைக்கு நிறைய நேரம் பேசினாள். நடுவில் ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கி மொட்டைமாடியைப் பார்த்தாள். சுவிட்சைத் தூக்கிவிடுகிற மாதிரிக் கையைக் காட்டினாள்.

இத்தனை வருஷப் பழக்கம். அவள் கை காட்டினால் இவர் கை கேள்வி கேட்காது. சுவிட்சைப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கும்போதே மணி அடித்தது. கதவைத் திறந்தார். பேக்கரியம்மா கையில் ரொட்டிப் பொட்டலம். பக்கத்தில் பல் டாக்டர், டிரைவர். அவர்களுக்குப் பின்னால் அம்மணி.

"தம்பி, லிஃப்டுல மாட்டிக்கிட்டோம். இவங்க லிஃப்ட் ஆபீஸ் அம்மாவாம். எவ்வளவு தைரியம் சொன்னாங்க தெரியுமா? ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போகட்டும்னு கூட்டிட்டு வந்தோம்" என்றார் பேக்கரியம்மா.

"வணக்கம்ங்க" என்றாள் அம்மணி. உள்ளே வந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். "நம்ம வீடு மாதிரியே இருக்கு."

அம்மணி நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அது பாட்டில் காலியாக இருந்த நாற்காலி.

"வீட்டுல அம்மா தவறிட்டாங்களாமே. ரொம்ப வருத்தம்ங்க. டீ நீங்கதான் போடணும், என்ன?"

போட்டார். வடிகட்டி கிடைக்கவில்லை. "ரெண்டாவது டிராயர்ல பாருங்க, பெரும்பாலும் அங்கதான் இருக்கும்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. இருந்தது.

டீயை வாங்கிக்கொண்டு அம்மணி விசாரணையைத் தொடங்கினாள்.

"அம்மா எப்படிப்பட்டவங்க?"

"தங்கம்."

"சண்டை போடுவாங்களா?"

"ஐயோ, ஒரு நாள் கூட இல்ல."

"சமையல்?"

"தேவாமிர்தம்."

"உயிரோட இருந்தப்ப இதையெல்லாம் அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

லிஃப்ட்காரர் டீக்கோப்பைக்குள் பார்த்தார். "சொல்லல" என்றார். அந்த ஒரு பதில் மட்டும் நிஜம்.

டிரைவர் மெட்டை முணுமுணுத்தார். "பாடுங்கண்ணே. மனசு லேசாகும்." பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். வேறு வழியில்லை. லிஃப்ட்காரர் பாடினார். முதல் சரணம் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. அம்மணி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது சரணத்துக்கு வாயைத் திறந்தார். எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறவளை எப்படி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது? வாய் வரவில்லை. பொய் என்பதால் இல்லை, பயமாக இருந்தது. பாட்டில் கூட அவள் சாகக் கூடாது என்று அப்போதுதான் தோன்றியது.

"இவ சாகல" என்றார். "லிஃப்ட் ஆபீஸும் இல்ல. இவதான் என் சம்சாரம். மூணாவது சரணத்துல இவ பஸ்ஸுல வர்ற மாதிரி எழுதிப் பாத்தேன், நிக்கல, அதனால கொன்னுட்டேன். மன்னிச்சுக்குங்க. நீங்க என்னைக் குழுவை விட்டு எடுத்துட்டாலும் நியாயம்தான்."

பல் டாக்டரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தார் லிஃப்ட்காரர். டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி" என்றார் பேக்கரியம்மா. "லிஃப்டுக்குள்ளயே தெரியும். துக்க வீட்டுக்கு வந்தோம்னு நான் சொன்னேன். 'எந்த வீடு?'ன்னாங்க. லிஃப்ட் மெக்கானிக் சம்சாரம் தவறிட்டாங்கன்னேன். 'பதறாதீங்க, அந்தம்மாதான் பேசுறேன்'னாங்க. அந்த இருட்டுல டாக்டர் பாட்டை முழுசாச் சொல்லிக் காட்டினார்."

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"அண்ணி கேட்டாங்க. மறுக்க முடியல" என்றார் டிரைவர்.

"எடுத்துடறதாவது!" என்றார் டாக்டர். "மூணாவது சரணத்தை மட்டும் மாத்துங்க. அந்த பஸ் என்னாச்சு? பஸ்ஸையே வரவிடுங்க."

லிஃப்ட்காரருக்கு அப்பாடா என்றிருந்தது. நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த லிஃப்ட் எழுந்து மேலே போய்விட்டது. ரொட்டியை வெட்டினார்கள். "கேக்கே கொண்டு வந்திருப்பேன். துக்க வீடாச்சேன்னு யோசிச்சேன்" என்று பேக்கரியம்மா வருத்தப்பட்டார். எல்லோரும் சத்தம் போட்டுப் பேசினார்கள். வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

அவர்களை அனுப்பிவிட்டு வந்தபோது அம்மணி தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கோவமாம்மா?"

"கொன்னதுக்கு இல்ல. முதல் ரெண்டு சரணத்தை என்கிட்ட காட்டாததுக்கு."

"சந்தேகம் எப்ப வந்துச்சு?"

"நீங்க என் பையைத் தூக்கினப்பவே."

போன் மணி அடித்தது. கத்துக்குட்டிகள் குழுவில் புது உறுப்பினர். பெயர், 'மறைந்தவள்'. சேரும்போதே முதல் பாட்டையும் போட்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலே அழகாகப் படுக்கவெச்சீங்க,
அதுக்கு முன்னே வீட்டுக் கட்டில் விரிப்பை யாரு மடிச்சாங்க?
கையப் புடிச்சுக் கதறினீங்க, கண்ண மூடிக் கேட்டிருந்தேன்,
கழுவாத டீக்கோப்பை கட்டிலுக்கு அடியிலேங்க!

கீழே பேக்கரியம்மா எழுதியிருந்தார். 'எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். இவங்க வரக் காரணமா இருந்தவர் முதல்ல எழுதணும்.'

லிஃப்ட்காரர் 'நான்காவது வரி பிடித்தது' என்று அடித்து அனுப்பினார்.

"ஏன்னு எழுதலையே?" என்றாள் அம்மணி, தலையைச் சீவிக்கொண்டே.

லிஃப்ட்காரர் கட்டிலருகே போய்க் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, போனை எடுத்து எழுதினார்.

'ஏனென்றால் அது உண்மை. இப்போதுதான் பார்த்தேன். இரண்டு கோப்பை இருக்கிறது.'