கெடா துளுக்காத வெள்ளிக்கிழமை

வாயை மூடிக்கொண்டிருந்து கெட்டவன் எங்கள் ஊரில் ஒருத்தனும் கிடையாது. கெட்டவன் எல்லாம் வாயால் கெட்டவன்தான். அதில் முதல் ஆள் நான்.

பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் அரளித் தோட்டம். என் சின்ன வயதில் ஏரி நிரம்பினால் ஜருகுமலை தலைகீழாக அதில் கிடக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் சேலம் டவுனுக்கே குடிதண்ணீர் இங்கிருந்துதான் போனதாம். நீர்க்கோழி கத்துகிற கத்தலில் கோயில் மணி கேட்காது. (மணியும் சின்னதுதான், அது வேறு.) அப்புறம் மழை ஏமாற்றி ஏமாற்றி, ஏரி முழுக்கச் சீமைக்கருவேலங் காடாகிவிட்டது. என் வாயில் மட்டும் அது வற்றவே இல்லை.

பல வருடங்களுக்கு முன் என் மகள் செல்விக்குத் திருச்செங்கோட்டிலிருந்து வரன் வந்தது. பையன் பெயர் குமார். அவன் அப்பா ரிக் வண்டி வைத்துத் தண்ணீருக்கு போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடுகிறவர். செல்விக்குப் பையனைப் பிடித்துப்போய்விட்டது. அதற்கு முன் வந்த மூன்று வரன்களும் என் பேச்சைக் கேட்டே ஓடின என்று என் மனைவி பழனியம்மாள் சொல்வாள்.

போனில் குமாரின் அப்பா, அந்தப் பெரியவர், "உங்கூர்ல ஏரி இருக்குதாமுங்க?" என்றார்.

"இருக்குதாவா? கடலாட்டங் கெடக்குதுங்க! வாங்க, பரிசல்ல ஒரு சுத்து சுத்தலாம்."

அதோடு விட்டேனா? எங்கள் பக்கம் சம்பந்தம் முடிக்குமுன் ஏரிக்கரை முனியப்பனிடம் உத்தரவு கேட்போம். ஆட்டுக்கெடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால், அது தலை முதல் வால் வரை உடம்பை உதற வேண்டும். துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமிக்குச் சம்மதம், அதையே வெட்டிப் படைப்போம். துளுக்காவிட்டால் பேச்சு முறிந்தது. "எங்க முனியப்பனுக்கு ஏரித் தண்ணிதானுங்க ஊத்தோணும், பைப்புத் தண்ணி ஆகாது" என்றும் அளந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகு காலம். பெரியவர் கரைமேல் ஏறி, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரமும் முள்.

"கடல் எங்கீங்க?"

"அது... கொஞ்சம் உள்ள தள்ளிப் போயிருக்குதுங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஏனுங்க, தண்ணி இருக்குதுன்னு பொய் சொல்லி எத்தன காட்ல என் வண்டிய எறக்க வெச்சிருக்காங்க தெரியுங்களா? தண்ணி விசயத்துல பொய் சொல்ற ஊட்ல நான் சம்மந்தம் வெக்கறதில்லீங்க."

செல்வி என்னைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை.

"இருக்குதுங்க! இதா, மோந்துட்டு வாரேன்!" கெடாவோடு காத்திருந்த கோயில் பூசாரியின் சொம்பைப் பிடுங்கிக்கொண்டு முள்ளுக்குள் இறங்கினேன்.

வேட்டியைப் பாதி முள்ளுக்குக் கொடுத்தபின் ஒரு குட்டை தென்பட்டது. ஒரு எருமை படுத்தால் இன்னொன்றுக்கு இடமிருக்காது. குனிந்து மொண்டேன். சேறு முழங்காலைப் பிடித்தது. காலை உருவினேன், இடுப்பைப் பிடித்தது. கத்தினால் மானம் போகும். கத்தாவிட்டால் நானே போய்விடுவேன். கத்தினேன்.

குமார்தான் கயிற்றோடு ஓடிவந்தான். "மாமா, அசையாதீங்க! சொம்ப உட்டுப்போட்டுக் கயித்தப் புடிங்க!"

"சொம்ப உடமாட்டேன் சாமி!"

குழியில் சிக்கிய பைப்பைத் தூக்குகிற மாதிரி என்னை உருவியெடுத்தான்.

மணி பத்து இருபது. பூசாரி அந்தத் தண்ணீரில் மஞ்சளைக் கலந்து கெடாவின் முதுகில் ஊற்றினார். காதுகூட ஆடவில்லை. இரண்டாம் தடவை ஊற்றினார். ம்ஹூம். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழனியம்மாள், "முனியப்பா, முனியப்பா" என்று முனகினாள். செல்வி முந்தானை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தடவை கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தார். கெடா நிதானமாகத் திரும்பி என்னைப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து என் பனியனுக்குள் எதுவோ நெளிந்தது. வயிற்றிலிருந்து முதுகுக்குப் போனது. அவ்வளவுதான். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உதறினேன் பாருங்கள், சேறு நாலு திக்கும் தெறித்தது. பெரியவரின் வெள்ளைச் சட்டையிலும்தான். ஒரு தவளை தொப்பென்று விழுந்து தாவிப் போனது.



பூசாரி தொண்டையைச் செருமினார். "உத்தரவு ஆச்சுங்க."

"கெடா துளுக்கலீங்களே!" என்றேன் நான். (வாய்!)

"ஏரித் தண்ணி ஆரு மேல நெறையாப் பட்டுச்சோ, அவரு துளுக்கிட்டாருங்க."

பெரியவர் சட்டைச் சேற்றை விரலால் வழித்தார். "அப்ப, துளுக்குனதத்தானுங்க பூசாரி வெட்டோணும்?"

நான் மெதுவாகக் கெடாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் அந்தச் சேற்று விரலை உயர்த்திக் காட்டினார். "ஈரந்தானுங்க. தண்ணி இருந்திருக்குது. உசுரு போற நேரத்துலயும் மனுசன் சொம்ப உடல. தட்ட மாத்துங்க, நேரமாச்சு!" அதற்கப்புறம்தான் வயிறு குலுங்கச் சிரித்தார்.

கெடாவை வெட்ட யாருக்கும் மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்திலேயே கிழடாகிச் செத்தது.

இன்றைக்கும் நான் குளித்துவிட்டுத் தலையை உதறினால் போதும், சமையல்கட்டிலிருந்து பழனியம்மாள் கத்துவாள்: "துளுக்கிப்போடாதீங்க! பேத்திக்கு இன்னும் கலியாண வயசாகல!"