குடைக் கம்பெனி அணி போட்ட ஒரே கோல்

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும்வரையாவது நலமாக இருக்க வேண்டும். நான் குடைத் தொழிற்சாலையில் கம்பி சரிபார்க்கும் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விடாமல் படிக்கிறவன். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எழுத்து கோணலாக இருப்பது பரபரப்பில்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பக்கத்தில் 'மறைந்த அணிகள்' என்ற தலைப்பில் எங்கள் கம்பெனி கால்பந்து அணியின் வரலாற்றைப் போட்டிருந்தீர்கள். சந்தோஷம். எங்களை நினைவு வைத்திருக்க ஒரு ஆள் இருக்கிறாரே என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்தேன். கடைசி வரியில் வந்தது வினை. "தொழில்முறை லீக்கில் ஒரு கோல்கூடப் போடாமலேயே கலைந்துபோன அணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அப்படின்னா அத்தான், கல்யாணம் செல்லுமா செல்லாதா?" என்று கேட்டார். வீடே சிரித்தது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். அப்போதே முடிவு செய்தேன், உண்மையை எழுதிவிடுவது என்று.

முதலிலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். எங்கள் முதலாளி ஒருநாள் மழையில் ஏதோ ஒரு கால்பந்துப் போட்டிக்குப் போனார். கூட்டம் முழுக்க வேறொரு கம்பெனியின் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சாப்பாடு இறங்காமல் திரும்பி வந்தார். மறுநாளே எங்களையெல்லாம் கூப்பிட்டு, "நமக்கு ஒரு அணி வேணும். மழைக்காலத்துலதான் ஆடணும். பார்க்க வர்றவன் கையில நம்ம குடை இருக்கணும்" என்றார். பந்து உள்ளே போவதைப் பற்றி அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்ததும் அவரேதான். பந்தை உதைத்துக் காட்டச் சொல்வாரா என்று பார்த்தால், ஒவ்வொருவரையும் குடை பிடித்து நிற்கச் சொல்லி, தள்ளி நின்று அழகு பார்த்தார். விளம்பரத்துக்கு எடுப்பாக இருந்தவர்கள் எல்லாம் அணியில் சேர்ந்தார்கள். பயிற்சியாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அந்தக் கை கடைசிவரை இறங்கவில்லை.

சட்டை வெளியே வாங்கவில்லை. கிடங்கில் மீந்த குடைத்துணி கட்டுக்கட்டாகக் கிடந்தது, அதிலேயே தைத்தோம். மழைத்துளி ஒன்று உள்ளே போகாது என்று பெருமையாகக் கொடுத்தோம். வியர்வை வெளியே வராது என்பது ஆடும்போதுதான் தெரிந்தது. அதைவிடக் கொடுமை, ஓடினால் சட்டைக்குள் காற்று புகுந்து உப்பிக்கொள்ளும். எங்கள் பையன்கள் காற்றை எதிர்த்து ஓடும்போது இருந்த இடத்திலேயே ஓடுவது போல இருக்கும். எதிரணியினர் பக்கத்தில் நடந்தே போய்ப் பந்தை எடுத்துக்கொள்வார்கள்.

இந்த அணியில் வலது ஓரம் ஆடிய பையன்தான் இன்றைக்கு என் மாப்பிள்ளை. அப்போது அவன் என் மகளைக் கட்டிக்கொடுக்கும்படி வந்து கேட்டான். மகளுக்கும் சம்மதம் என்று மனைவி சொன்னாள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பையன் மேல் குறை ஒன்றுமில்லை ஐயா, ஆனால் பந்து விளையாடுவது ஒரு உத்தியோகமா, அதிலும் இந்த அணியில் விளையாடுவது ஒரு விளையாட்டா என்று இருந்தது. நேராக முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் சாமர்த்தியமாக, "ஒரு கோல் போடு தம்பி, அப்புறம் வந்து பொண்ணைக் கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எங்கள் அணி கோல் போடுவது நடக்காத காரியம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், சட்டைத் துணியைச் சரிபார்த்தவனே நான்தானே. மகள் அன்றிலிருந்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பிட வாங்க என்பதைக்கூட அவள் அம்மாவை விட்டுச் சொல்லவைத்தாள். அது என்னை உள்ளுக்குள் அரித்தது. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் திரிந்தேன்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன், கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். சிமெண்ட் கம்பெனி அணியோடு போட்டி. ஒவ்வொருத்தனும் ஒரு சுவர் அளவுக்கு இருந்தான். முதல் பாதி பாதிகூட ஆகவில்லை, கொட்டோ கொட்டு என்று கொட்டியது மழை. முதலாளிக்கு முகமெல்லாம் வெளிச்சம். மைக்கைப் பிடுங்கி, "எல்லாரும் குடையை விரிங்க" என்றார். முன் வரிசை விரித்தது. பின் வரிசைக்கு மறைத்தது, அதனால் அவர்களும் எழுந்து நின்று விரித்தார்கள். ஒரே நிமிஷத்தில் மைதானத்தைச் சுற்றி எங்கள் கம்பெனி குடையைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. வியாபாரக் கண்ணுக்கு அது சொர்க்கம். ஆட்டம் பார்க்க வந்தவனுக்கு எதிரில் இருப்பவன் குடை மட்டும்தான். நடுவருக்கும் ஒன்று கொடுத்திருந்தோம், இருப்பதிலேயே பெரிய அளவு. அதைப் பிடித்துக்கொண்டே அவர் ஓடினார்.

நானும் மனைவியும் கோல் கம்பத்துப் பக்கம் வேலியை ஒட்டி நின்றோம். அவள் கம்பெனி குடையைத் தொடமாட்டாள். நாளெல்லாம் அதைப் பற்றியே பேசுகிறேன் என்று அதன் மேல் அவளுக்குக் கோபம். பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். வலது ஓரத்தில் காலடிச் சத்தம் தடதடவென்று வருகிறது. நம்ம பையன்தான் என்று எனக்குப் பட்டது. பார்த்துவிட வேண்டுமென்று குடையைப் பக்கவாட்டில் சாய்த்தேனோ இல்லையோ, காற்று அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மழை நேராகக் கண்ணாடியில் அடித்தது. கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மனைவியிடம், "என்ன ஆச்சு, என்ன ஆச்சு?" என்றேன். "கோல் விழுந்துடுச்சு. உங்க குடையும் போயிடுச்சு" என்றாள். அதற்குள் மைக்கில், "கோல்... நம்ம கோல்னுதான் நினைக்கிறேன்" என்று முதலாளி கத்தினார். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவேன்? வாழ்நாளில் ஒரு தடவை என் திட்டம் தோற்றுப்போனதற்காகக் குதித்தேன்.

அன்று சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்தான், சொட்டச் சொட்ட நனைந்து, கையில் கைப்பிடியில் பெயர் எழுதிய என் குடையோடு. "மைதானத்துல கிடந்துச்சு சார்" என்றான். ஒரு கம்பி வளைந்திருந்தது. தொழில் புத்தி விடுமா, உடனே பார்த்தேன். காற்று வளைத்தால் கம்பி வெளிப்பக்கம் மடங்கும். இது உள்பக்கம் குழிந்திருந்தது. என் அனுபவத்தில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை, ஆனால் கம்பி பார்க்கிற நேரமா அது? "சார், அந்தக் கோலைப் பத்தி ஒண்ணு..." என்று ஆரம்பித்தான். "ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி, சொன்னா சொன்னதுதான், பொண்ணு உனக்குத்தான்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து, "அப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எத்தனை நாளாகியிருந்தது தெரியுமா? இன்றுவரை மாப்பிள்ளை அந்தக் கோலைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அவ்வளவு அடக்கம். அவருக்கும் சேர்த்து நான்தான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இடைவேளைக்குள் மைதானம் குளமாகி, ஆட்டத்தை நிறுத்தினார்கள். லீக்காரர்கள் அந்தப் போட்டியே கணக்கில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். உங்கள் நிருபர் அதை வைத்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். நான் கேட்கிறேன், மழை ஆட்டத்தை நிறுத்தலாம், விழுந்த கோலைக் கழுவிவிட முடியுமா? அடுத்த வருஷம் மழை ஏமாற்றியது. "மழை இல்லாம எதுக்குய்யா பந்து?" என்று முதலாளி அணியைக் கலைத்து, எல்லோருக்கும் தொழிற்சாலையிலேயே வேலை போட்டுக்கொடுத்தார். எங்கள் கோல்கீப்பரைக் குடைக்கட்டு பிடித்து அடுக்குகிற வேலைக்கு வைத்தார்கள், அங்கேயும் விட்டுவிடுகிறான். மாப்பிள்ளை விற்பனைப் பிரிவில் நல்ல பெயரோடு இருக்கிறார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "அணியின் ஒரே கோலைப் போட்டவர் இவர்" என்று மாப்பிள்ளையின் படத்தோடு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மைத்துனர் வீட்டுக்கும் ஒரு பிரதி தனியாக அனுப்பினால் செய்த உதவியை மறக்கமாட்டேன். தங்கள் பேனா தேயாமலும், தங்கள் வீட்டுக் குடை கிழியாமலும் நெடுநாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கோல் போட்டவரின் மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் அச்சில் ஏற்ற வேண்டாம். உறையை ஒட்டுவதற்கு முன் மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடுத்தேன். வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "மாமா, இது பேப்பர்ல வந்தா எங்க டீம் பசங்க என்னை ஓட்டியே கொன்னுடுவாங்க. அந்தக் கோலை நான் போடலை. நான் உதைச்ச பந்து மூலைக் கொடிக்கம்பத்துப் பக்கம் வெளியே போய்க்கிட்டு இருந்துச்சு. எங்கிருந்தோ ஒரு குடை பறந்து வந்து அதுக்குக் குறுக்கே விழுந்துச்சு. பந்து அதுல பட்டுத் திரும்பிடுச்சு. அவங்க கோல்கீப்பர் பதறிப்போய்த் தாவிப் பிடிச்சது குடையை. பந்து உள்ள போயிடுச்சு" என்றார். எனக்கு உடனே அந்த உள்பக்கம் குழிந்த கம்பி நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் கழித்துக் காரணம் தெரிந்துவிட்டது. மகளுக்கும் தெரியுமாம். மனைவியோ கண்ணாலேயே பார்த்தவளாம். ஏன் சொல்லவில்லை என்று சத்தம் போட்டேன். "பொண்ணைக் கொடுக்க உங்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்துச்சு. அதுவா வந்து விழுந்துச்சு. நான் எதுக்குக் கெடுக்கணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் குடையை எடுத்து விரித்து, குழிந்த கம்பியைத் தடவிப் பார்த்தேன் ஐயா. பிறகு யோசித்துப் பார்த்தேன். குடை யாருடையது? என்னுடையது. சாய்த்தது யார்? நான். ஆகவே திருத்தத்தில் மாப்பிள்ளையின் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடவும், படம் இத்துடன் வைத்திருக்கிறேன், பெயர் அதன் பின்புறம் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் விட்டுவிடவும். இதைத் தபாலில் சேர்க்க மாப்பிள்ளைதான் கிளம்புகிறார். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அதே குடையைத்தான் கொடுத்து அனுப்புகிறேன். கம்பியை நான் இன்னும் நிமிர்த்தவில்லை.